ஹாலோ பாயின்ட்: குழிமுனையா, விரிமுனையா?

வணக்கம். தடயவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கைத்துப்பாக்கிக் குண்டுகளில் ரவுண்ட் நோஸ் 'உருண்டைமுனை', வாட்கட்டர் 'தட்டைமுனை' என்று வைத்துவிட்டேன். முனையில் குழி விட்ட ஹாலோ பாயின்ட்டுக்கு 'குழிமுனை' சரியா?

> சரியா?

தம்பி, குழிமுனை வடிவத்தை மட்டும் சொல்கிறது. உடம்பில் பாய்ந்ததும் திசுவின் அழுத்தம் குழிக்குள் புகுந்து முனையை வெளிப்புறமாக மலர்த்துகிறது. குண்டு அகன்று வேகம் குறைகிறது. ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்பும் குறைகிறது. அதற்காகத்தானே அந்த வடிவம்? 'விரிமுனை' என்போம். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

> முக்காலமும் அடங்கும்

அதுதான் சிக்கல், ஐயா. பெட்டியில் இருக்கும் குண்டு இன்னும் விரியவில்லை. தடிமனான துணியில் புகுந்து குழி அடைபட்டால் விரியாமலே போவதும் உண்டு. குழியே இல்லாமல் ஈயமுனை வெளியே தெரியும் குண்டும் விரியும். 1899 ஹேக் பிரகடனம் போரில் தடுத்தது விரியும் குண்டுகள் எல்லாவற்றையும்தான். ஆகவே விரிகுண்டு பொதுப்பெயர், குழிமுனை அதில் ஒரு வகை.

> குண்டு

இந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். குண்டு என்றால் உருண்டை. பழைய துப்பாக்கிகளில் ஈய உருண்டைதான் போட்டார்கள். ஆனால் சங்கப் பாடல்களில் குண்டு என்பது ஆழம், பள்ளம். குழியும் குண்டும் ஒன்றென்றால் 'குழிமுனைக் குண்டு' கூறியது கூறல் ஆகாதா? தோட்டா என்றும் எழுதிவிடாதீர்கள். அது உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். எங்களுக்குக் குண்டு என்றால் விமானம் போடுவது. இதைச் 'சன்னம்' என்போம். குழிமுனைச் சன்னம் என்றால் குழப்பமில்லை, அண்ணா.

சன்னம் என்றால் இங்கே மாணவர்கள் சன்ன அரிசியை நினைப்பார்கள், அக்கா. அப்புறம், தட்டைமுனை எதற்கு என்று பாடத்தில் ஒரு வரி சேருங்கள். காகித இலக்கில் வட்டமாக, சுத்தமாகத் துளை விழும், மதிப்பெண் போடச் சுலபம். ரிவால்வரில் தோட்டா முன்பே உருளைக்குள் இருப்பதால் தட்டை முகம் தடையில்லை. மேகசினிலிருந்து சரிவில் ஏறி அறைக்குள் நுழைய வேண்டிய பிஸ்டலில் அது சிக்கும். அங்கே உருண்டைமுனைதான் வழுக்கிப் போகும். .45 (அங்குல விட்டம்) பிஸ்டல் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர், ஒலியைவிடக் குறைவு. தூரமும் குறைவு என்பதால் ரைபிள் குண்டின் ஊசிமுனை இதற்குத் தேவையில்லை.

நன்றி. குழிமுனை, விரிகுண்டு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். சன்னத்தை அடைப்புக்குறிக்குள் தருகிறேன்.

> அடைப்புக்குறிக்குள்

எங்கட பிள்ளைகளும் அந்தப் புத்தகத்தைப் படிப்பினம், அண்ணா. அடைப்புக்குறி போதாது.