கலைச்சொல் தேவை: குழாயழுத்தத்தில் இயங்கும் மின் வெந்நீர்க் கலன்

கும்பகோணம், மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். தங்கும் விடுதிகளுக்கான மின் வெந்நீர்க் கலன் ஒன்றின் பொருத்துமுறைக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நம் வீட்டு கெய்சர் பெரும்பாலும் மொட்டைமாடித் தொட்டியின் உயரத்தை நம்பியது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தமே கிடைக்கும். இந்தக் கலன் பம்போ தெருக்குழாயோ தரும் அழுத்தத்தை நேரே வாங்கி, மிகுந்தால் வால்வு கொண்டு மூன்று பார் அளவில் நிறுத்தி, அந்த விசையோடு எல்லாத் தளங்களுக்கும் வெந்நீரைத் தள்ளுகிறது. தொட்டிக்கு மேலே ஏறித் திறந்து நிற்கும் குழாய் இதில் கிடையாது. ஆகவே 'அடைகலன்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

திருவாரூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
பொருந்தாது, அம்மா, ஆபத்தும்கூட. 200 லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் அது இரண்டரை லிட்டருக்கு மேல் பெருகும். வந்த வழியே திரும்பாமல் என்.ஆர்.வி. என்னும் ஒருவழி வால்வு தடுத்திருப்பதால், அந்தப் பெருக்கம் ரப்பர்ச் சவ்வுக்கு அப்பால் காற்றடைத்த விரிவுக்கலத்தில்தான் ஒதுங்கவேண்டும். அதுவும் பழுதானால் சேஃப்டி வால்வு திறந்து சொட்டும். பெயரிலேயே 'அடை' என்று படித்த பிளம்பர், அந்தச் சொட்டை ஒழுக்கு என்று எண்ணி எண்ட் கேப் போட்டுவிடுவார். மரையில் வெள்ளை டேப் கச்சிதமாகச் சுற்றி அப்படி மூடியிருந்த ஒரு குழாயை நானே கழற்றியிருக்கிறேன்.

மயிலாடுதுறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
புதுச்சொல் எதற்கு? குறுந்தொகையின் 277ஆம் பாட்டு, முன்பனிக் காலத்து வெந்நீரை வைத்திருக்கும் கலத்தைச் 'சேமச்செப்பு' என்கிறது. அங்கே வெந்நீரே 'வெப்பத் தண்ணீர்' எனப்படுவதால், 'தண்' என்பதன் குளிர்ச்சி அன்றே தேய்ந்துவிட்டது என்பதும் விளங்கும். செப்பு, செம்பு இரண்டும் ஒரு வேரின. செம்புக் கலன்கள் இன்றும் உண்டு. 'மின்சேமச்செப்பு' என்க.

நாகப்பட்டினம், பொறியாளர்:
ஐயாவின் சான்று அருமை. ஆனால் எங்கள் ஊர் உவர்நீருக்குச் செம்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இரும்புக் கலனுக்குள் கண்ணாடிப் பூச்சிட்டு, அரிப்பைத் தானேற்றுக் கரையும் மெக்னீசியத் தண்டு ஒன்றையும் இறக்கிவைக்கிறார்கள். அது கரைந்து தீர்ந்ததும் மாற்றாவிட்டால் கலன் அரிக்கத் தொடங்கும். 'கொதிகலன்' என்று யாரும் முன்மொழியுமுன் சொல்லிவிடுகிறேன்: இதில் நீர் கொதிக்கவே கூடாது. மூன்று பார் அழுத்தத்தில் 140 பாகையைக் கடந்த பிறகே கொதிக்கும்; தெர்மோஸ்டாட் சிக்கி அந்தச் சூட்டை எட்டிய கலன் உடைந்தால், நீர் நொடியில் ஆவியாகிச் சுவரையே பெயர்க்கும். அதனால்தான் 90 முதல் 95 பாகைக்குள் திறக்கும் வால்வைப் பொருத்துகிறார்கள். பெயரில் அழுத்தம் தெரியட்டும். ஆங்கிலத்தில் தெருக்குழாயை 'மெயின்' என்பார்கள்; அந்தச் சொல் வேண்டாம், நம்மூரில் மெயின் என்றால் கரண்டுதான். 'அழுத்த வெந்நீர்க் கலன்' என் பரிந்துரை.

திருவாரூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
உடன்படுகிறேன். மாணவர்கள் 'பிரஷர் கெய்சர்' என்றுதான் சொல்லப்போகிறார்கள். இது அதற்கு அருகிலாவது நிற்கிறது.

கும்பகோணம், மொழிபெயர்ப்பாளர்:
வேறு வழியில்லை; இதையே அனுப்புகிறேன். சொட்டுக்குழாயை மூடக்கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன். புலவர் ஐயா பொறுத்தருள்க.

மயிலாடுதுறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பொறுத்தேன், ஏற்கவில்லை. 'அழுத்த' என்று தனித்து நின்றால் வினையெச்சமாகிவிடும். வெந்நீரை அழுத்த ஒரு கலன் என்று படிப்பார்கள். 'அழுத்தவெந்நீர்க்கலன்' என ஒரே சொல்லாகவாவது அச்சிடுங்கள்.