1948-ல் இலங்கை கேட்ட 'காகிதம் எங்கே'ங்கிற கேள்வி இப்போ டெல்லி சந்துல கேக்குது: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

யமுனாபார்:
போன வியாழக்கிழமை, பனி விலகி வெயில் வர ஆரம்பிச்ச நேரம். எங்க சொசைட்டி பின்சுவரை ஒட்டி கபாடி (பழைய சாமான், குப்பை) பிரிக்கிறவங்க குடிசை வரிசை. அங்க போலீஸ் வெரிஃபிகேஷன். வங்கதேசத்துலேர்ந்து சட்டவிரோதமா வந்தவங்களைத் தேடறாங்க.

மேற்கு வங்கத்து மால்டா ஜில்லாக்கார அம்மா ஒருத்தங்க முந்தானைக்குள்ளேர்ந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாங்க. அதுக்குள்ள இன்னொரு கவர். ஆதார், ரேஷன் கார்டு, 2002 வாக்காளர் பட்டியல் பிரின்ட்அவுட். பிரின்ட்அவுட்ல மாமனார் பேருக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால கோடு. அப்புறம் வீட்டுக்காரரோட பழைய வோட்டர் கார்டு. லேமினேஷன் ஓரம் பிரிஞ்சு தண்ணி உள்ள போயிருக்கு. போட்டோல முகம் இருந்த இடம் பழுப்பா கரைஞ்சு கிடக்கு. கான்ஸ்டபிள் அதை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, "இதுல ஆளே இல்லையே"ன்னார். பக்கத்துலயே நிக்கிற ஆளை யாரும் திரும்பிப் பார்க்கலை. அவரையும் அந்தக் கவரையும் சேர்த்து வண்டியில ஏத்திட்டாங்க.

இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 1948-ல 18-ம் எண். நாட்டுலயே பிறந்திருந்தாலும் அப்பா அங்க பிறந்தவர்னு காட்டணும், இல்லாட்டி தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் அங்க பிறந்தவங்கன்னு காட்டணும். தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) பிறந்த தமிழங்களுக்கு அந்தக் காகிதம் எங்கிருந்து வரும்? 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேன்னு ஆட்களைப் பங்கு பிரிச்சாங்க. மிச்சம் இருந்தவங்க பிரச்சினையைத் தீர்க்க 2003-ல இன்னொரு சட்டம் தேவைப்பட்டுது. இதைக் கேட்டா பத்து வயசுத் தமிழ்ப் பிள்ளைகூட அநியாயம்னு சொல்லும். அந்தப் பிள்ளையோட பிள்ளை நம்ம சந்துல நடக்கறதைப் பத்தி என்ன சொல்லும்? இந்தத் திரியில நீங்க நேர்ல பார்த்ததை மட்டும் எழுதுங்க.

பேர்த்திருத்தம்:
லேமினேஷன்தான் முதல் தப்பு. பத்திரமா இருக்கட்டும்னு பண்றாங்க, ஆனா சூட்டுல மை பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கும், ஓரம் திறந்தா உள்ள போன ஈரம் வெளிய போகாது. லேமினேட் பண்ணின காகிதத்துல அட்டஸ்டேஷன் முத்திரையும் குத்த முடியாது.

நான் உட்கார்ற அஃபிடவிட் கவுன்ட்டருக்கு ஒரு அக்கா வந்தாங்க. அஞ்சு காகிதத்துல அவங்க பேர் மூணு விதமா இருந்துது. கல்யாணத்துக்கு முன்னாடி கடைசிப் பேர் காத்தூன், அப்புறம் பீபி, வீட்டுக்காரர் போனதும் பேவா. வங்காள முஸ்லிம் பெண்களுக்கு இதுதான் வழக்கம். கிளார்க் மூணையும் வட்டம் போட்டு "இது மூணு பொம்பளை"ன்னு எழுதிக் கொடுத்தார். அந்த வட்டம் இன்னும் கண்ணுல நிக்குது.

நமக்கு இது புரியாம போகக் கூடாது. எஸ். முருகன்னு இருக்கிறவர் பாஸ்போர்ட்டுல முருகன் சுப்பிரமணியன், பள்ளிச் சான்றிதழ்ல முருகன் எஸ்., பான் கார்டுல அப்பா பேரே குடும்பப் பேர். பாதி டெல்லித் தமிழன் இப்படித்தான் இருக்கான். அப்புறம் ஜனவரி 1. வருஷம் மட்டும் தெரிஞ்சா ஆதார்ல பிறந்த நாள் 01-01 ஆயிடும். ஒரு சந்துல இருபது பேருக்கும் ஒரே பிறந்த நாள் இருந்தா காகிதம் போலின்னு அர்த்தம் இல்லை. எழுத்துப் பிழையை மட்டும் வெச்சு ஒருத்தரை வெளிநாட்டுக்காரர்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு அஸ்ஸாம் வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம் 2024 ஜூலைல சொல்லியாச்சு. கவுன்ட்டர் வரைக்கும் அது இறங்கி வரலை.

மால்டான்னா இன்னொண்ணும் உண்டு. அங்க கங்கை கரையை அரிச்சு வீட்டையே கொண்டு போயிடும். வீடு போனா பத்திரமும் போச்சு.

ஆர்.கே.புரம் ரிட்டயர்டு:
மன்னிக்கவும், இலங்கையோடு ஒப்பிடுவது சரியல்ல. மலையகத் தமிழர்களை அழைத்துப் போனதே தோட்ட முதலாளிகளும் வெள்ளைக்கார அரசும்தான். எல்லை தாண்டித் தானாக வந்தவர் வேறு. அஸ்ஸாமில் 1979 முதல் ஆறு வருடம் சட்டவிரோதக் குடியேற்றத்தை எதிர்த்து மாணவர்கள் தெருவில் நின்றது விளையாட்டுக்கா? 1985 ஆகஸ்ட் 15 அஸ்ஸாம் ஒப்பந்தம், 1971 மார்ச் 24-க்குப் பிறகு வந்தவர் வெளிநாட்டவர் என்ற வரம்புத் தேதி, எல்லாம் அந்த மண்ணின் ஆட்கள் பட்ட கஷ்டத்தில் வந்தவை. காகிதம் இல்லாத ஆளுக்குக் கான்ட்ராக்டர் பாதிக் கூலி கொடுப்பார், பக்கத்தில் நிற்கும் பீகார்க்காரருக்கும் அதே கூலிதான் கிடைக்கும். எல்லையை ஏன் காக்கவில்லை என்றும் பேரப்பிள்ளைகள் கேட்கலாம். அதையும் யோசியுங்கள்.

பாராபுல்லா:
சார், நீங்க சொல்ற கூலி விஷயம் உண்மை. ஆனா வியாழக்கிழமை அந்தச் சந்துல யாரும் எல்லையைக் காக்கலை. மால்டா இந்தியாவுலதான் இருக்கு.

வரம்புத் தேதி நமக்கும் தெரியும் சார். நம்ம தமிழங்க குடிசை போட்டிருந்த ஜங்புரா மதராசி கேம்ப், 2025 ஜூன் 1. சுமார் 370 வீடு இடிஞ்சுது, 215 குடும்பத்துக்குத்தான் நரேலாவுல வீடுன்னு முடிவாச்சு. டெல்லி 2015 கொள்கைப்படி பஸ்தி (குடிசைப் பகுதி) 2006 ஜனவரி 1-க்கு முன்னாடி இருந்திருக்கணும், குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்னாடி. 2012-லேர்ந்து 2015 வரைக்குமான வாக்காளர் பட்டியல் ஏதாவது ஒண்ணுல பேர் வேணும், சர்வே வருஷத்துப் பட்டியலிலும் வேணும். வீட்டுக்கு அவங்க கட்ட வேண்டிய பங்குப் பணம் 1,12,000 ரூபாய், பராமரிப்புக்கு 30,000. நடுவுல ஊருக்குப் போய்ப் பிள்ளை பெத்துட்டு வந்தவங்க, பட்டியல்ல பேர் விட்டுப் போனவங்க, தனிக்குடித்தனம் போன மகன், எல்லாரும் லிஸ்டுக்கு வெளியே.

அன்னிக்கு ஒரு பாட்டி கிரைண்டர் கல்லை மட்டும் இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னாங்க. ஜேசிபி சத்தத்துல யார் பேசினதும் காதுல விழலை. "எங்க வைக்கறதுன்னு சொல்லு, இறக்கறேன்"னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கேட்டாங்க.

வார்டு 4:
வேறொரு விஷயம். பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு, பேர் வேண்டாம். மியான்மர்லேர்ந்து அகதியா வந்த ரோஹிங்யாப் பெண், தலைப்பிரசவம், ராத்திரி ரெண்டு மணி. மதன்பூர் காதர் பக்கத்துலேர்ந்து ஆட்டோவுல வந்தாங்க. அட்மிஷன் படிவத்துல ஆதார் கட்டம் காலி. வீட்டுக்காரர் யு.என்.எச்.சி.ஆர். (ஐ.நா. அகதிகள் அமைப்பு) கார்டை ரெண்டு கையாலயும் ஏந்தி நீட்டறார், கவுன்ட்டர்ல இருந்தவர் பேனாவை மூடி வெச்சுட்டார். பிரசவம் நடந்துடுச்சு, டாக்டர் ஒருத்தங்க சண்டை போட்டு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஆனா குழந்தையோட பிறப்பைப் பதியாமலே டிஸ்சார்ஜ் கொடுத்துட்டாங்க.

எங்க தப்பு நடக்குதுன்னு சொல்றேன். அவசர சிகிச்சைக்கு எந்தக் காகிதமும் முன்நிபந்தனை கிடையாது, 1989-லயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. ஆஸ்பத்திரியில பிறந்தா, பதிவாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியோட பொறுப்பு, 21 நாளுக்குள்ள. பெத்தவங்க எந்த நாடுன்னு பார்த்துப் பதியற விஷயம் இல்லை அது. ஆதார் இருந்தா எழுதணும், இல்லைன்னா கட்டம் காலியா போகும், அவ்வளவுதான். 30 நாள் தாண்டினா அதிகாரியோட எழுத்து அனுமதி, ஒரு வருஷம் தாண்டினா மாஜிஸ்திரேட் உத்தரவு. 2023 அக்டோபர் 1-லேர்ந்து பிறந்த பிள்ளைங்களுக்கு வயசுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒண்ணுதான் ஆதாரம். அந்தச் சீட்டு குடியுரிமையைத் தராது. ஆனா அது இல்லாத பிள்ளைக்கு வயசுகூடக் கிடையாது.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்துப் போடலை. அதனால அந்தக் கார்டை எந்தக் கவுன்ட்டர் ஏத்துக்கும், எது தள்ளும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம்ம இலங்கைத் தமிழர்களுக்கும் திபெத்தியருக்கும் அரசாங்கமே நேரடியா பதிவு வெச்சிருக்கு. மியான்மர், ஆப்கன்காரங்களுக்கு யு.என். கார்டுதான்.

கேட் நம்பர் 2:
எங்க காலனியில வீட்டு வேலைக்கு வர்றவங்க காலையில கேட்டுல நீலக் கலர் டோக்கன் மாட்டிக்கணும். ஒரு பொண்ணு அதை ரவிக்கைக்குள்ள மறைச்சுக்கிட்டு நடந்தா. வாட்ச்மேன் கூப்பிட்டு வெளிய எடுத்து மாட்டச் சொன்னார். அவ்வளவுதான் நான் பார்த்தது.

ஆனா வேலைக்கு ஆள் வெச்சிருக்கிற எல்லாரும் இதைச் செய்யுங்க. ஒரிஜினல் ஆதாரை வாங்கி வெச்சுக்காதீங்க, நிறைய வீடுகள்ல அலமாரியில கிடக்குது. முதல் எட்டு எண் மறைஞ்ச மாஸ்க்டு ஆதார் போதும். ஜெராக்ஸ் வாங்கினா குறுக்க "போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு மட்டும்"னு தேதியோட எழுதச் சொல்லுங்க. வெரிஃபிகேஷனை டெல்லி போலீஸ் வெப்சைட்டிலேயே நீங்களே போட்டு, அந்த ரசீதோட ஒரு காப்பியை அவங்க கையிலயும் கொடுங்க. யாராவது நிறுத்தினா காட்ட அது உதவும். வோட்டர் கார்டு தேஞ்சிருந்தா மொபைல் நம்பர் இணைச்சு ஈ-எபிக் (டிஜிட்டல் வோட்டர் கார்டு) இறக்கிக் கொடுங்க. ரேஷனை ஊர்லதான் வாங்கணும்னு இல்லை. 2021 ஜூலைலேர்ந்து டெல்லியிலயும் வெளிமாநில கார்டுக்குக் கொடுக்கணும். குடும்பத்துப் பங்குல ஒரு பகுதியை இங்கயும் மிச்சத்தை ஊர்லயும் எடுக்கலாம். ஒரு சிக்கல்: கபாடி பிரிக்கிறவங்க, பாத்திரம் தேய்க்கிறவங்க விரல்ரேகை தேஞ்சு மெஷின் எடுக்காது. ஆதார் சென்டர்ல பயோமெட்ரிக் அப்டேட் பண்ணினா கண் ரேகையாவது புதுசா பதியும். எடுக்கலைன்னதும் "போலி"ன்னு கத்தற டீலர்கிட்ட கூடப் போய் நின்னு பேசுங்க. அப்புறம் ஈ-ஷ்ரம், அதாவது அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு, 16-லேர்ந்து 59 வயசு வரை பண்ணலாம்.

பேர்த்திருத்தம்:
@கேட் நம்பர் 2 அக்கா, எல்லாம் சரி. ஆனா அந்த டோக்கனை நிறுத்த உங்க அசோசியேஷன்ல பேசினீங்களா? நாளைக்குப் பேத்தி கையில சிக்கப் போறது அந்த நீலப் பிளாஸ்டிக்தான்.

தீஸ் ஹஜாரி:
@யமுனாபார், முதல்ல அந்த ஆளைக் கவனிங்க. வண்டியில ஏத்தினா அது கைது, பேரை என்ன வேணா மாத்திச் சொல்லட்டும். அரசியல் சாசனம் 21-ம் பிரிவுல "குடிமகன்"னு இல்லை, "நபர்"னுதான் இருக்கு. சக்மா அகதிகள் வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஸ்டேஷனுக்குப் போய் முதல்ல டி.டி. (டெய்லி டைரி) என்ட்ரி நம்பர் கேளுங்க. டெய்லி டைரியில எழுதாம கூட்டிட்டு வந்திருந்தா அதையே உங்க மனுவுல எழுதுங்க. கைது மெமோவுல நேரமும் சாட்சி கையெழுத்தும் வேணும். உறவுக்காரங்க வெளியூர்ல இருந்தா 8-லேர்ந்து 12 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும், டி.கே. பாசு தீர்ப்பு. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட். இலவச வக்கீலுக்கு 15100.

சட்டம் மாறியிருக்கு. 2025 செப்டம்பர் 1-லேர்ந்து புதுக் குடியேற்றம், வெளிநாட்டினர் சட்டம், 1946 சட்டம் போயாச்சு. மாறாதது ஒண்ணு: நான் வெளிநாட்டுக்காரன் இல்லைன்னு நிரூபிக்கிற சுமை அந்த ஆள் தலையிலதான். 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்தவர்னா அது போதும். 2004 டிசம்பர் 3-க்கு முன்னாடின்னா பெத்தவங்கள்ல ஒருத்தராவது குடிமகனா இருக்கணும். அதுக்கு அப்புறம் பிறந்தவங்கன்னா ஒருத்தர் குடிமகனா இருந்தா மட்டும் போதாது, இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது. அதனாலதான் 2002 பட்டியல்ல மாமனார் பேர் அவ்வளவு முக்கியம். 2025 நவம்பர்ல எஸ்.ஐ.ஆருக்காக (வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம்) தமிழ்நாட்டுல நம்ம குடும்பங்களும் 2002, 2005 பட்டியலைத் தேடித் திண்டாடினது ஞாபகம் இருக்கும். வாக்காளர் பதிவு அதிகாரிகிட்ட சான்றளிச்ச நகலுக்கு மனுப் போடுங்க, நெட்ல எடுத்த பிரின்ட்அவுட்டை "இது யாரு வேணா அடிக்கலாம்"னு தள்ளிடறாங்க.

ரிட்டயர்டு சார், டெல்லியில பிடிச்சு எல்லை தாண்டி அனுப்பின மேற்கு வங்காளத்து ஆட்கள்ல ரெண்டு பேரை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2025 டிசம்பர்ல திரும்பக் கூட்டிட்டு வர வேண்டியிருந்தது. அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க ஊருக்கு ஒரு போன் போட்டு, சரியா விசாரிச்சிருந்தா தீர்ந்திருக்கும்.

ஆர்.கே.புரம் ரிட்டயர்டு:
அதை மறுக்கவில்லை. விசாரிக்காமல் அனுப்புவது தவறு. விசாரணையே கூடாது என்று சொன்னால் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யமுனாபார்:
மூணாம் நாள் ராத்திரி அவர் வந்துட்டார். மால்டாவுல அவங்க ஊர் பிரதான் (ஊராட்சித் தலைவர்) போன்ல பேசினாராம். கவர் முழுசா வரலை. ஆதார் கையில இருக்கு, அந்தப் பிரின்ட்அவுட்டும் பழைய வோட்டர் கார்டும் ஸ்டேஷன்லயே இருக்கு. டி.டி. நம்பர் யாரும் கொடுக்கலை. திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மாவோட போறோம். வங்காளம் பேசத் தெரிஞ்ச ஒருத்தர் கூட வந்தா நல்லா இருக்கும், மயூர் விஹார் எக்ஸ்டென்ஷன் மெட்ரோ வாசல்ல ஒன்பதரைக்கு நிக்கறேன்.