இஎக்ஸ்5 பின் டயர்: கடைசி ஒரு சாண் ஏற மாட்டேங்குது, டியூப் ரெண்டு தடவை கிழிஞ்சிடுச்சு

செந்தூல்_17:
வணக்கம். வண்டி ஹோண்டா இஎக்ஸ்5, கம்பி ரிம், பின் டயர் 2.50-17. புது டயரும் டியூபும் வாங்கி, பிளாட்டுக்குக் கீழே மோட்டார் நிறுத்துற இடத்துலயே மாத்துறேன். கையில இருக்கிறது 17, 19 ஸ்பேனர், 10 அங்குல டயர் லீவர் ரெண்டு, கால் பம்பு.

பழைய டயர் லேசா கழண்டு வந்துச்சு. புது டயர்ல முதல் பக்கம் கையாலயே ஏறிடுச்சு. ரெண்டாவது பக்கத்தை வால்வுகிட்ட ஆரம்பிச்சு ரெண்டு பக்கமா ஏத்திட்டு வந்தேன். கடைசி ஒரு சாண் இரும்பு மாதிரி இறுகிப் போச்சு. லீவரை மிதிச்சு ஏத்தினா ஏறுது, ஆனா காத்து நிக்கல. டியூபை வெளியே எடுத்துப் பார்த்தா வால்வுக்கு நேர் எதிர்ல ரெண்டு சின்னக் கீறல், ஒரு விரல் இடைவெளியில. இன்னொரு டியூப் போட்டேன், அதே இடத்துல அதே மாதிரி. டயர் சைஸ் தப்பா? இல்லை எனக்குத்தான் பலம் பத்தலையா?

பிறை_பட்டறை:
சைஸ் சரிதான் தம்பி, பலமும் தேவையில்ல. பதிலை உங்க டியூபே சொல்லுது: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கீறல்னா லீவர் டியூபை ரிம்மோட சேர்த்துக் கிள்ளியிருக்கு. அது வால்வுக்கு எதிர்ல இருக்குன்னா நீங்க முடிச்ச இடம் அது.

ரிம்மைக் குறுக்கா வெட்டினா எப்படி இருக்கும்னு மனசுல நினைச்சுப் பாருங்க. ஓரத்துல உயரமான உதடு, அதுக்கு உள்ளே பீடிங் (டயரோட தடிச்ச உள்விளிம்பு) உட்கார்ற திட்டு, நடுவுல பள்ளம். பீடிங்குக்குள்ள இருக்கிறது எஃகுக் கம்பி. எவ்வளவு மிதிச்சாலும் அது நீளாது. ஒரு பக்கம் உதட்டைத் தாண்டணும்னா எதிர்ப்பக்கம் நடுப்பள்ளத்துல இறங்கி இடம் விட்டுத் தரணும். நீங்க வால்வுகிட்ட ஆரம்பிச்சீங்க. அங்கே பள்ளத்துல வால்வு அடியும் டியூபும் உட்கார்ந்திருக்கு, பீடிங் இறங்க வழியே இல்ல. அதான் கடைசி ஒரு சாண் இறுகுது. பலம் போட்டதும் லீவர் டியூபைக் கடிக்குது.

அதனால தலைகீழாப் பண்ணுங்க. வால்வுக்கு நேர் எதிர்ல ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிங்க. ஆரம்பிச்ச இடத்தை முழங்காலால அழுத்தி பீடிங்கைப் பள்ளத்துலயே வச்சிருங்க, கடைசி வரைக்கும் முழங்காலை எடுக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் நாலு, அஞ்சு சென்டிமீட்டர் மட்டும் ஏத்துங்க. லீவர் நுனி உதட்டைத் தாண்டி உள்ளே ரொம்ப நுழையக் கூடாது. இறுகுதுன்னு தெரிஞ்சா அங்கேயே நிறுத்திடுங்க. எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு மேல வந்திருக்கும், அதை மறுபடி உள்ளே தள்ளுங்க. சரியா இருந்தா கடைசித் துண்டு கட்டைவிரலுக்கே ஏறும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி வால்வை விரலால டயருக்குள்ள மேல தள்ளி விடுங்க. இல்லாட்டி டியூபோட அடிப்பாகம் பீடிங்குக்கு அடியில மாட்டிக்கும்.

ஜெலுத்தோங்_ரைடர்:
அண்ணன் சொன்னதோட இன்னும் கொஞ்சம். டியூபை உள்ளே வைக்கிறதுக்கு முன்னாடி உருண்டையா நிக்கிற அளவுக்குக் கொஞ்சம் காத்து விடுங்க. கையால அழுத்தினா ரெண்டு சுவரும் லேசா ஒட்டணும், அவ்வளவு போதும். காத்தே இல்லாம தட்டையா கிடந்தா மடிஞ்சு லீவர்கிட்ட வந்துடும். அதிகமா இருந்தா அதுவே பள்ளத்தை அடைச்சிடும். டியூப் மேல பேபி பவுடர் தூவித் தடவுங்க, டயருக்குள்ள ஒட்டாம வழுக்கிப் போய்த் தன் இடத்துல உட்காரும்.

பீடிங்குக்குப் பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணியில கரைச்சுத் துணியால தடவினா போதும். எஞ்சின் எண்ணெயோ கிரீஸோ வேண்டவே வேண்டாம். அது ரப்பரை ஊதிப் போகச் செய்யும். பிரேக் போடும்போது டயர் ரிம் மேல சறுக்கித் திரும்பினா டியூபும் கூடவே போய் வால்வு அடியில பிய்ஞ்சிடும்.

புது டயரை அரை மணி நேரம் வெயில்ல போட்டு வைங்க. நம்ம ஊர் வெயில் இதுக்காவது உதவட்டும். சூடான ரப்பர் வளைஞ்சு கொடுக்கும். ஸ்குரூடிரைவரை லீவரா மட்டும் பயன்படுத்தாதீங்க, அந்தக் கூர் முனைக்கு டியூபைக் கிழிக்கிறதுதான் வேலை.

செந்தூல்_17:
நன்றிண்ணே. வேற வழியில ஓட்டை விழ வாய்ப்பு இருக்கா? மூணாவது டியூபையும் வீணாக்க மனசு வரல.

பிறை_பட்டறை:
இருக்கு, மூணாவதைப் போடுறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க. டியூப்ல ஓட்டை எந்தப் பக்கம்னு பார்த்தாலே காரணம் தெரிஞ்சிடும். ரோட்டைத் தொடுற பக்கம் ஒத்தை ஓட்டைன்னா டயர்லயே ஆணியோ கம்பியோ குத்திக்கிட்டு நிக்குது. டயர் உள்பக்கத்தைப் பழைய துணியால சுத்தித் துடைங்க, துணி எங்கே மாட்டுதோ அங்கே இருக்கு. வெறும் விரலால தடவாதீங்க, கிழிச்சிடும். ரிம் பக்கம் ஊசிமுனை ஓட்டைன்னா ரிம் டேப் (ஸ்போக் கம்பி முனைகளை மூடுற பட்டை) நகர்ந்திருக்கு, இல்ல ஸ்போக் கம்பி முனை அதைப் பிடிக்கிற நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கு. நீட்டினதை அரத்தால தேய்ச்சு, டேப்பைப் புதுசா போடுங்க. விலை ரொம்பக் குறைவு, துருக்கறை படிஞ்ச பழசை நம்பாதீங்க. வால்வு அடியில பிய்ஞ்சிருந்தா காத்துக் குறைவா ஓட்டினதோ, வால்வு நட்டை ரிம்மோட இறுக்கினதோ காரணம். அந்த நட்டை மேல மூடிப் பக்கம் ஏத்தி விட்டுடுங்க. டியூப் நகர்ந்தா வால்வு சாயும், உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இன்னொண்ணு, சக்கரத்தை வெறும் சிமெண்டுத் தரையில போட்டு வேலை பார்க்காதீங்க. பழைய டயரைப் படுக்க வச்சு அது மேல வைங்க, டிரம்மும் ரிம்மும் அடிபடாது.

கிள்ளான்_150:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என்னோடது யமஹா ஒய்15, ஸ்போர்ட் ரிம், டியூப் இல்லாத டயர். மாட்டிட்டேன், ஆனா கால் பம்புல அடிச்சா ரெண்டு பக்கமும் புஸ்ஸுன்னு போகுது.

பிறை_பட்டறை:
கால் பம்புல அது உட்காராது. பீடிங் ரெண்டும் ரிம் சுவரைத் தொடாம நடுவுல தொங்குது, பம்பு தர்றதை விட வேகமா காத்து வெளியே போகுது. சாமான் கட்டுற ராச்செட் பெல்டை டயரைச் சுத்தி நடுவுல கட்டி இறுக்குங்க, பீடிங் ரெண்டும் வெளியே விரியும். வால்வு உள் ஊசியைக் கழட்டிட்டு, கம்ப்ரஸர்ல ஒரே மூச்சா காத்து விடுங்க. பிடிச்சதும் பெல்டை உடனே அவிழ்த்திடுங்க. 'டப், டப்'னு ரெண்டு சத்தம் கேட்கும். பெட்ரோலோ ஸ்ப்ரேயோ ஊத்தித் தீ வைக்கிற வீடியோவெல்லாம் பார்த்துச் செய்யாதீங்க, டயர் வெடிச்சு முகத்துல அடிக்கும்.

செந்தூல்_17:
அண்ணே, ஏறிடுச்சு! கடைசித் துண்டுக்கு லீவரே தேவைப்படல. இப்போ ஒரு சந்தேகம். டயர் பக்கவாட்டுல ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிசு கோடு சுத்தி ஓடுது. ஒரு இடத்துல அது ரிம்முக்குள்ள மறைஞ்சு போகுது. சக்கரத்தைச் சுத்தினா அங்கே மட்டும் பள்ளமா இறங்குது.

ஜெலுத்தோங்_ரைடர்:
அந்த இடத்துல பீடிங் இன்னும் திட்டு மேல ஏறல. காத்தை முழுக்க வெளியே விட்டுட்டு, அந்தப் பகுதியில சோப்புத் தண்ணி நல்லாத் தடவி, டயரைக் கையால ரெண்டு பக்கமும் அசைங்க. அப்புறம் 280 கேபிஏ (காத்தழுத்த அளவு) வரைக்கும் ஏத்துங்க. கோடு சுத்தி வர ஒரே இடைவெளியில வந்தா உட்கார்ந்துடுச்சுன்னு அர்த்தம். வரலைன்னா அதுக்கு மேல ஏத்த வேண்டாம், மறுபடி காத்தை வெளியே விட்டுட்டுத் தடவுங்க. உட்கார்ந்ததும் ஒரு தடவை முழுக்கக் காத்தை வெளியே விட்டு மறுபடி அடிச்சா டியூப்ல இருக்கிற மடிப்பு விரியும். ஓட்டுறதுக்குத் தனியா போனா பின்னால 225, ஆள் ஏத்தினா 280. பெட்ரோல் ஸ்டேஷன் மெஷின் கேபிஏ கணக்குலதான் காட்டும், எண்ணை அப்படியே தட்டிடலாம். டயர் சூடாகுறதுக்கு முன்னாடி அடிங்க.

பிறை_பட்டறை:
மாட்டும்போது டயர் பக்கவாட்டு அம்புக்குறி வண்டி முன்னே போற திசையில இருக்கணும். மஞ்சள் புள்ளி இருந்தா வால்வுக்கு நேரா வரணும். டயரோட லேசான இடம் அது, வால்வு கனம் அதைச் சரிக்கட்டும்.

சக்கரத்தை ஏத்தும்போது ஆக்சில் காலர் (அச்சுல கோத்திருக்கிற வளையம்) கழட்டின வரிசையிலயே போகணும். பிரேக் ஸ்டாப்பர் கம்பி நட்டைப் போட்டதும் ஸ்பிளிட் பின் புதுசா குத்துங்க. அது இல்லாம நட்டு கழண்டா பிரேக் பிளேட்டே சுத்திடும். ஆக்சில் நட்டை முழுசா இறுக்குறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை அழுத்திப் பிடிச்சுக்கங்க, பிரேக் கட்டை டிரம் நடுவுல உட்கார்ந்துக்கும். சங்கிலி ரெண்டு பக்க அடையாளமும் ஒரே எண்ல இருக்கணும், தளர்வு 25லிருந்து 35 மில்லிமீட்டர். பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா இறங்குற தூரம் 20லிருந்து 30 மில்லிமீட்டர். சக்கரம் கையில தாராளமாச் சுத்தணும், பின்விளக்கு பெடல் மிதிச்சா எரியணும்.

பழைய டயரை வீட்டுப் பின்னாடி போட்டு வைக்காதீங்க. ஒரு மழைக்கே உள்ளே தண்ணி தேங்கி ஏடிஸ் கொசு முட்டை போடும். மலேசியாவோட 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டுக்காரர் மேலதான் அபராதம் வரும். புது டயர் வாங்கின கடையிலயே கேட்டுப் பாருங்க, எடுத்துக்குவாங்க. கிழிஞ்ச டியூப் ரெண்டையும் தூக்கிப் போட வேண்டாம். பட்டையா வெட்டி வச்சீங்கன்னா ரிம் மேல லீவர் படாம இடையில வைக்கலாம்.

செந்தூல்_17:
கோடு சுத்தி வர ஒரே மாதிரி வந்துடுச்சு. 225 வச்சிருக்கேன்.

ஜெலுத்தோங்_ரைடர்:
நாளைக்குக் காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி மறுபடி அளந்து பாருங்க. 215க்குக் கீழே இறங்கியிருந்தா வால்வு வாயில சோப்புத் தண்ணி ஒரு துளி வைங்க. குமிழி வந்தா உள் ஊசி தளர்ந்திருக்கு, கால் சுத்து இறுக்கினா போதும். குமிழி வரலைன்னா மட்டும் டியூபை வெளியே எடுங்க.