ஸ்லாலம் நீர்ச்சறுக்கில் வேகம் கொடுப்பது கயிறா, தண்ணீரா?

கரையோரன்:
கயிறுதான் என்பது என் கட்சி. ஆண்கள் போட்டியில் படகு மணிக்கு 58 கி.மீ. வேகத்தில் நேராகப் போகிறது. பின்னால், படகில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி ஒற்றை ஸ்கீயில் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) வருபவர், நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இடமும் வலமுமாகக் கிடக்கும் ஆறு மிதவைகளைச் சுற்ற வேண்டும். 259 மீட்டர் தடம், 16 வினாடி. அவரிடம் இன்ஜினும் இல்லை, பாயும் இல்லை. தண்ணீர் வெறும் தடைதான்.

நீரோட்டம்:
மறுக்கிறேன். படகில் உட்கார்ந்து பின்னால் பாருங்கள். அவர் ஊஞ்சல் மாதிரி இடமும் வலமும் ஆடுவது தெரியும். கயிறு விறைப்பாக இருக்கும்வரை, அவர் ஆடும் திசைக்கு அது செங்குத்து. அப்படி இழுக்கும் விசை பாதையை வளைக்கும், வேகத்தைக் கூட்டாது. கூட்டுவது எதிரே பாய்ந்து வரும் தண்ணீர். ஸ்கீயின் விளிம்பைச் சாய்த்து அழுத்தினால், அது ஆளைக் குறுக்கே தள்ளுகிறது. பட்டத்தை மேலே ஏற்றுவது நூலா, காற்றா?

கரையோரன்:
நூலை அறுத்தால் பட்டம் என்ன ஆகும்? இன்னொன்று, போட்டிப் படகில் வேகத்தைச் சீராக வைக்க ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அவர் சாய்ந்து இழுக்கும்போதெல்லாம் இன்ஜின் உறுமல் கூடுகிறது. அந்த பெட்ரோல் யாருக்காக எரிகிறது?

நீரோட்டம்:
சரி, கரையில் நின்று கணக்குப் போட்டால் வேலை செய்வது கயிறுதான், ஆற்றல் இன்ஜினுடையது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆற்றலை வாங்கும் வழி விளிம்பு மட்டுமே. ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு இரண்டரை வினாடியில் 23 மீட்டர் குறுக்கே போக வேண்டும். படகின் நேர் பின்னால் குறுக்கு வேகம் வினாடிக்கு 14 மீட்டர் என்று வைப்போம். படகு வேகத்தோடு சேர்த்தால் மணிக்கு 75 கி.மீ.யைத் தாண்டும். 13 மீட்டர் கயிறு, 80 கிலோ ஆள் என்றால், வளைவுக்கு மட்டுமே நூறு கிலோ எடைக்கு மேல் இழுப்பு. தண்ணீர் பின்னுக்கு இழுப்பது தனி. அவர் ஏன் அவ்வளவு சாய்கிறார் என்பது இதிலேயே தெரிகிறதே.

தோள்வலி:
சறுக்குகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தோள் போவது நீங்கள் சொல்லும் நடு இடத்தில் இல்லை. அந்தச் சுமை படிப்படியாக ஏறும், உடம்பு தயாராக இருக்கும். மிதவையைத் திரும்பும்போது ஊஞ்சலாட்டம் ஏறக்குறைய நின்றுபோகும், கயிற்றில் இழுப்பு மிகக் குறைவு. அங்கே அவசரப்பட்டுப் படகுப் பக்கம் திரும்பினால் கயிறு தொங்கிவிடும். அடுத்த நொடி அது வெடுக்கென்று விறைக்கும். என் வலது தோள் போனது அப்படித்தான். முன்னணி ஆண்கள் 9.75 மீட்டர் கயிற்றில் போகிறார்கள். மிதவைத் தூரத்தைவிடக் கயிறே குட்டை! மீதியை உடம்பையும் கையையும் நீட்டித்தான் எட்ட வேண்டும். அங்கே கயிறு தொங்கினால் அடுத்த மிதவையை மறந்துவிட வேண்டியதுதான்.

கரையோரன்:
பார்த்தீர்களா, தோளை எடுத்தது கயிறு!

தோள்வலி:
எடுத்தது கயிறு. ஆனால் அதற்கு முன்பே விளிம்பு தண்ணீரில் பிடியை விட்டுவிட்டது. என் காலுக்கு அது அப்போதே தெரிந்தது.