ஒன்பதாவதோடு ஏன் நின்றுவிடுகிறார்கள்?

சேர்வராயன்:
ஏற்காடு மலைக் கிராமங்களில் எட்டாவது வரை ஒழுங்காக வந்த பிள்ளைகள் ஒன்பது, பத்தில் திடீரென்று நின்றுவிடுகிறார்களே, காசு மட்டும்தான் காரணமா?

செவ்வாய்ப்பேட்டை:
காசும்தான். இங்கே சேலத்தில் கொலுசுப் பட்டறையில் கூலி வாங்கிப் பழகிய பையனைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது லேசில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு முடிந்துவிடுகிறது, அநியாயம்.

மலைக்காரி:
அண்ணா, காபி சீசனை விட்டுவிட்டீர்களே! டிசம்பரில் அம்மா அப்பா இருவரும் பழம் பறிக்கப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்தான் வீட்டில் நிற்கிறாள், அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான், அதை எழுதாமல் விட்டவள் அப்புறம் பள்ளிக்கு வரவே கூச்சப்படுகிறாள்.

சேர்வராயன்:
சரி, இப்போது என்ன செய்யலாம்?

மலைக்காரி:
அப்படி நின்றுவிட்ட பெண்ணைத் தலைமையாசிரியரிடம் கூட்டிப் போங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தால் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும், அதை அவள் அம்மாவிடமும் சொல்லுங்கள்.