குளிர்நாட்டு யன்னலும் எங்கட புட்டும்: அனுபவம் உள்ளவை எழுதுங்கோ

கொக்குவில் ரீச்சர்:

போன வின்ரர் கனடாவில, ஸ்காபரோவில மகளோட நிண்டனான், பேரன் பிறந்த அலுவலாய். அங்க போய் நிண்ட அம்மாமாருக்குத் தெரிஞ்ச கதைதான். ஹீற்றர் போட்ட வீடு, யன்னல் திறக்க விடமாட்டினம், காலமை எழும்பினால் கண்ணாடியால தண்ணி வடியும். அதை விடுங்கோ.

எனக்கு மனசில நிக்கிறது மருமகன் குசினியில வைச்ச மீற்றர். தீப்பெட்டியளவுதான், ஈரப்பதன் காட்டுறது. நான் வந்து கொஞ்ச நாளையால வாங்கி றைஸ் குக்கருக்குப் பக்கத்தில வைச்சவர். ஒரு பின்னேரம் புட்டு அவிச்சுக்கொண்டு நிக்கிறன். நீத்துப்பெட்டியைத் தூக்கி ஆவி பறக்கத் தட்டத்தில கொட்டுறன், அந்த நேரம் பாத்து வேலையால வந்தவர், ஜக்கற்றும் கழட்டேல்ல, நேர வந்து மீற்றரைப் பாத்தார். 62. பிறகு நீத்துப்பெட்டியைப் பாத்தார். என்னைப் பாக்கேல்ல. அடுப்புக்கு மேல இருக்கிற ஃபானைப் போட்டிட்டு, "மாமி, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ" எண்டு கேட்டிட்டு உள்ளுக்குப் போட்டார்.

நல்ல பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லேல்ல. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதும் சொல்லி அதோட முடிஞ்சிருக்கும்.

மகளின்ர அறை வடக்குப் பக்கம். யன்னல் சட்டத்தின்ர கீழ்ப்பக்கம் கறுத்து, றப்பர் விளிம்பு முழுக்கப் புள்ளிப் புள்ளியாய்ப் பூஞ்சணம். வெளியில மைனஸ் 18 எண்ட அண்டு கண்ணாடியின்ர உள்பக்கத்திலயே ஐஸ். தொட்டில் அந்த யன்னலுக்குக் கீழதான். நான் போகமுன்னம் அந்த வீட்டில இரவில பாணும் பருப்பும்தானாம். நான் போனாப்பிறகு ஒரு நாள் புட்டு, ஒரு நாள் இடியப்பம். ஊருக்கு வந்தும் அதைத்தான் யோசிக்கிறன். அந்தத் தண்ணி என்ர பானைத் தண்ணிதானோ?


தென்மராட்சியான்:

62 எல்லாம் ஒரு ஈரமோ ரீச்சர்? கார்த்திகை மழைக்கு எங்கட சாவகச்சேரியில 90க்கு மேல நிக்கும். இஞ்ச ஆர் மீற்றர் வைச்சுப் பாத்தது? மாமியார் வந்து நிண்டால் மருமக்களுக்கு எல்லாம் பிழைதான். நானும் பாரிசில தம்பி வீட்டில நிண்டனான், பாத்றூம் முகடு முழுக்கக் கறுப்பு. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்ல. புட்டை அவியுங்கோ.


பேர்ண் சுன்னாகத்தான்:

அண்ணை, வீதத்தை மட்டும் பாத்து ஞாயம் சொல்லேலாது. சாவகச்சேரியில காத்தும் 26 பாகை, சுவரும் 26 பாகை. தண்ணி படியிறதெண்டால் காத்தை விடக் குளிர்ந்த இடம் ஒண்டு வேணும். ரீச்சர் நிண்ட வீட்டில காத்து 21 பாகை எண்டு வைப்பம். 62 வீத ஈரம் எண்டால் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழ குளிர்ந்த எதில பட்டாலும் தண்ணியாய் விடும். வெளியில மைனஸ் 18 நிக்கேக்க, இரட்டைக் கண்ணாடி எண்டாலும் அதின்ர கீழ் விளிம்பு 13இல நிக்காது.

என்ர கதை சின்னது. சுவிஸில, பேர்ணில நாங்கள் இருந்த முதல் வின்ரர். அந்த ஊர் யன்னலை மேல்பக்கத்தால சரிச்சும் வைக்கலாம். நாங்கள் காத்து வரட்டும் எண்டு விடிய விடியச் சரிச்சபடியே விட்டிடுவம். மாசி மாசத்தில ஒரு நாள் கீழ்வீட்டுக் கிழவி வந்து மணியடிச்சா. உள்ளுக்கு வந்து சரிச்ச யன்னலைச் சாத்தினா. பிறகு வீட்டில இருந்த எல்லா யன்னலையும் ஆவெண்டு திறந்தா. நாங்கள் போர்வையைச் சுத்திக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம், அவ பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரிக் கைமணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நடு அறைக்குள்ள நிக்கிறா. ஏழெட்டு நிமிசத்தில எல்லாத்தையும் சாத்தினா. "இப்பிடித்தான்" எண்டா, போட்டா.

அவ செய்ததில சரியான ஞாயம் இருக்கு. மைனஸ் 18இல ஒரு கன மீற்றர் காத்தில நிக்கக்கூடிய தண்ணி ஏறத்தாழ ஒரு கிராம். 21 பாகையில 18 கிராம் நிக்கும். அப்ப வெளிக்காத்து எவ்வளவு ஈரமாய்த் தெரிஞ்சாலும், உள்ளுக்கு வந்து சூடாகினால் காய்ஞ்ச காத்து. கொஞ்ச நேரம் அகலத் திறந்தால் காத்து முழுக்க மாறும், சுவரும் தளபாடமும் சூட்டை விடாது. நாள் முழுக்கச் சரிச்சு விட்டால் காத்தும் வடிவாய் மாறாது, யன்னலைச் சுத்தியுள்ள சுவரும் குளிர்ந்து அதிலயே பூஞ்சணம் பிடிக்கும்.

ரீச்சர், நீங்கள் கேக்காததையும் சொல்லுறன். தொட்டிலையும் அலுமாரியையும் வெளிச்சுவரில முட்டாமல் ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கோ. இரவில தடிச்ச திரை இழுத்துவிட்டால் ஹீற்றர்ச் சூடு கண்ணாடிக்குப் போகாது, அது இன்னும் குளிரும். பாவிக்காத அறை எண்டு ஹீற்றரை நிப்பாட்டக் கூடாது, மற்ற அறையளின்ர ஈரம் அங்க போய்த்தான் படியும். உடுப்பை ஹீற்றரில விரிச்சுக் காயவிடவே கூடாது, ஒரு வாளி உடுப்பில எவ்வளவு தண்ணி இருக்கெண்டு பிழிஞ்சு பாத்தால் தெரியும். குளிச்சால் பாத்றூம் கதவைச் சாத்திப்போட்டு ஃபானை ஓடவிட வேணும். பிள்ளை பெத்த வீட்டில ஒரு நாளைக்கு எத்தினை தரம் சுடுதண்ணி வைச்சிருப்பீங்கள்! அடுப்புக்கு மேல இருக்கிற ஃபான் குழாயால வெளியில ஊதுதோ, இல்லாட்டில் கரி ஃபில்ற்றருக்குள்ளால திருப்பிக் குசினிக்குள்ளயே விடுதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. ரெண்டாவது எண்டால் மணம் குறையும், ஆவி போகாது.

அந்த மீற்றரையும் நம்பேலாது. ஒரு போத்தில் மூடிக்குள்ள உப்பைப் போட்டு, நனையிற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு, மீற்றரோட சேத்துக் காத்துப் போகாத டப்பாவில ஒரு இரவு மூடி வையுங்கோ. விடிய 75 காட்ட வேணும். ஆனையிறவு உப்பெண்டாலும் கனடா உப்பெண்டாலும் 75தான்.


ஈஸ்ற்ஹாம் பொடியன்:

சுன்னாகத்து அண்ணை கதவைச் சாத்து, உடுப்புக் காயப்போடாதை எண்டு எழுதினதைப் பாக்க எனக்குப் பழைய வீட்டுக்காரன்தான் ஞாபகம் வந்தான். ஏதோ இருக்கிற சனத்தின்ர பழக்கத்திலதான் பிழை எண்ட மாதிரி.

நாங்கள் நாலு பொடியள் ஒரு வீட்டு மேல்மாடியில. தை மாசம் பொயிலர் பழுதாப் போச்சு. திருத்திறதுக்குப் பதிலாய் சில்லு வைச்ச காஸ் ஹீற்றர் ஒண்டை உருட்டிக்கொண்டு வந்து தந்தான். ரெண்டு கிழமையால சுவர் பச்சையாயும் கறுப்பாயும். ஆளைக் கூப்பிட்டுக் காட்டினம். சுவரில விரலை வைச்சு இழுத்தான், மூக்கில வைச்சு மணந்தான், "கறி" எண்டான். நாங்கள் அண்டைக்குச் சமைக்கவே இல்லை.

ஒரு கிலோ காஸ் எரிஞ்சால் 1.6 லீற்றர் அளவில தண்ணி வருமெண்டு பிறகுதான் ஒரு பிளம்பர் அண்ணை சொன்னார். 15 கிலோ சிலிண்டர் முடிய 24 லீற்றர். அதுக்குப் புகைக்குழாயும் இல்லை, அவ்வளவும் அறைக்குள்ளதான். அவன் தந்த ஹீற்றர், பழி எங்கட கறியில.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்ல" எண்டு எழுதினவருக்கும் ஒண்டு சொல்ல வேணும். 2020 மார்கழியில இங்கிலாந்தில, ரொச்டேலில அவாப் இஷாக் எண்ட ரெண்டு வயதுப் பிள்ளை செத்தது. வீட்டுப் பூஞ்சணத்தாலதான் எண்டு 2022இல மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தத் தாய் தேப்பனுக்கும் முதலில சொன்னது உங்கட பழக்கவழக்கம் எண்டுதான். இப்ப அந்தப் பிள்ளையின்ர பேரில சட்டம் இருக்கு. கவுன்சில் மாதிரியான ஆக்கள் வாடகைக்கு விடுற சமூக வீடுகளில ஈரம், பூஞ்சணம் எண்டு முறைப்பாடு வந்தால் குறிச்ச நாளுக்குள்ள பாக்க வேணும். 2025 ஐப்பசியில இருந்து நடைமுறை. தொட்டில் இருக்கிற அறை எண்டபடியால்தான் சொல்லுறன் ரீச்சர், பயப்படுத்த இல்லை.


கோப்பாய் மேசன்:

எல்லாரும் குளிர்நாட்டுக் கதை எழுதுறியள். அந்தக் கதையை ஊருக்குக் கொண்டுவந்து கட்டினால் என்ன நடக்கும் எண்டு நான் சொல்லுறன்.

வெளிநாட்டில இருந்து வந்த ஒருத்தர் திருநெல்வேலிப் பக்கம் வீடு கட்டினவர். படம் அங்கயே கீறினது. யன்னலுக்கு மேல காத்து ஓட்டை விடக்கூடாதாம், சூடு வெளியில போயிடுமாம். யாழ்ப்பாணத்தில என்ன சூடு ஐயா வெளியில போறது? சொல்லிப் பாத்தம், கேக்கேல்ல. அலுமினியச் சட்டம், பெரிய கண்ணாடி, இடுக்கெல்லாம் சிலிக்கன், மேல அறை எல்லாத்துக்கும் ஏசி.

கார்த்திகையில விடியப்புறம் ஃபோன். "வா உடன, கண்ணாடி ஒழுகுது." போறன். ஏசி 18இல ஓடுது, ஆள் சறத்தோட நிண்டு உள்பக்கத்தைத் துணியால துடைக்கிறார், துடைக்கிறார், தண்ணி போகுதில்லை. நான் ஒண்டும் கதைக்கேல்ல. பல்கனிக்குப் போய் வெளிப்பக்கத்தில விரலால ஒரு கோடு இழுத்தன். அந்தக் கோட்டுக்குள்ளால என்ர முகத்தைப் பாத்தார் பாருங்கோ, அந்தப் பார்வை இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

கண்ணாடியில பிழை இல்லை. கார்த்திகையில வெளியில 26 பாகை, ஈரம் 90 எண்டால் 24 பாகைக் கண்ணாடியிலயே தண்ணி விடும். இஞ்ச குளிர்ப்பக்கம் உள்பக்கம், ஈரப்பக்கம் வெளிப்பக்கம். கனடாவில இருக்கிறது அப்பிடியே தலைகீழ். ஆனபடியால் பேர்ண் கிழவியின்ர வைத்தியமும் இஞ்ச சரிவராது. மழை நேரம் ஏசி அறை யன்னலைத் திறந்தால் அலுமாரி, மெத்தை, சுவர் எல்லாம் வியர்க்கும். ஏசியை 26இல விடுங்கோ, மாரியில ட்ரை எண்ட பட்டனை அமத்துங்கோ. ஏசி இல்லாத வீடெண்டால் நல்லாய்த் திறந்து விடுங்கோ, காத்து ஓட்டையை அடைக்காதேங்கோ. அவருக்கும் கடைசியில ஓட்டை உடைச்சுத்தான் குடுத்தம், கூலி ரெண்டு மடங்கு.


இணுவிலாள்:

அம்மம்மாவின்ர நாற்சார் வீட்டில சுண்ணாம்புச் சுவர், நடுமுத்தம், எந்த மாரிக்கும் பூஞ்சணம் இல்லை. சீமெந்து வந்துதான் எல்லாம் கெட்டது. என்ர கூறையைப் பொலித்தீன் பையில சுத்தி அலுமாரிக்குள்ள வைச்சு, தங்கச்சியின்ர கலியாணத்துக்கு விரிச்சால் முந்தானை முழுக்க வெள்ளைப் பூ.


தென்மராட்சியான்:

பொலித்தீனில சுத்தினது நீங்கள், குத்தம் சீமெந்தில? நாற்சார் வீட்டில நானும் வளர்ந்தனான். மாரியில சாமான் அறைக்குள்ள போனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போறது. மற்ற அறையளில பூஞ்சணம் குறைவெண்டால், பழைய வீட்டில ஓட்டுக்குள்ளால காத்துப் போய்வந்தது, அதுதான் காரணம். கூறையைப் பருத்தித் துணியில சுத்தி, பங்குனி வெயில் வர ஒருக்கா நிழலில விரிச்சு எடுங்கோ. பட்டை நேர வெயிலில போட்டிடாதேங்கோ. கற்பூர உருண்டை நேர பட்டில முட்டக் கூடாது. அலுமாரியைச் சுவரோட ஒட்டி வைக்காமல்


கோப்பாய் மேசன்:

அண்ணை பாதியில நிக்குது.


மார்க்கம் கணக்குப்பிள்ளை:

ரீச்சர், ஒருத்தரும் கேக்காத கேள்வி ஒண்டு. பேஸ்மென்ரில ஃபேர்னஸுக்குப் பக்கத்தில, காத்துக் குழாயில பொருத்தின சின்னப் பெட்டி ஒண்டு இருந்ததோ? தண்ணிக் குழாய் ஒண்டு அதுக்குள்ள போகும். வீட்டுக் காத்து காய்ஞ்சுபோகாமல் இருக்க ஈரம் ஏத்துற மெசின் அது. இஞ்ச கனபேரின்ர வீட்டில இருக்கு, வீடு வாங்கேக்கயே இருந்ததெண்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறதில்லை. டயலைச் சுத்தி ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும், வெளியில மைனஸ் 18 எண்டால் 25 வீதம், மைனஸ் 29 எண்டால் 15 எண்டு. குளிர் கூடக் கூடக் குறைக்க வேணும். சனம் உதடு வெடிக்குது, கரண்ட் அடிக்குது எண்டு கூட்டி வைக்கும்.

எங்கட வீட்டில யன்னல் பிழை எண்டு கொம்பனியைக் கூப்பிட்டு விலை கேட்டாச்சு, அவ்வளவும் மாத்த வேணும் எண்டு சொன்னவங்கள். போகேக்க அந்தத் தொழிலாளிப் பொடியன் ஒருத்தன், தமிழ்ப் பொடியன்தான், படியால இறங்கி டயலைத் திருப்பிப்போட்டுக் கண்ணைக் காட்டிப்போட்டுப் போனான். அடுத்த கிழமை கண்ணாடி பளிச்சு.


கொக்குவில் ரீச்சர்:

தம்பி, நேற்று வீடியோவில மகளைப் பேஸ்மென்ருக்கு அனுப்பினன். பெட்டி இருக்கு. டயல் 45இல. பேரனுக்கு மூக்குக் காயுது எண்டு மருமகன்தான் கூட்டி வைச்சவராம், நான் வந்த கிழமையில. அடுப்பு ஃபானும் சுன்னாகத்துத் தம்பி சொன்ன மாதிரி உள்ளுக்கதான் ஊதுதாம். புட்டும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், இல்லையெண்டு சொல்லமாட்டன். மகள் அவருக்குக் காட்டினவளாம். அவர் டயலைப் பாத்தாராம், 25க்குத் திருப்பினாராம், ஒண்டும் சொல்லேல்லயாம்.


தென்மராட்சியான்:

மருமகனின்ர பிழை எண்டு நான் முதல் நாளே எழுதினனான்.


ஈஸ்ற்ஹாம் பொடியன்:

எங்க எழுதினீங்கள் அண்ணை? 62 ஒரு ஈரமோ எண்டல்லோ எழுதினீங்கள்.


இணுவிலாள்:

கற்பூரத்தைத் துணியில முடிஞ்சு வைக்கிறதோ, டப்பாவில போட்டு வைக்கிறதோ? அதைச் சொல்லாமல் விட்டிட்டியள்.