இடுப்பெலும்பில் ஒட்டு (வேற இடத்தில வைக்கிற எலும்புத் துண்டு) எடுக்கேக்க ஆளைக் கிடத்துறது: திருகோணமலைச் சத்திரசிகிச்சைத் தியேட்டர் ஆக்களின் அனுபவப் பகிர்வு

தாதி, உவர்மலை:
முன்பக்கத்தால எடுக்கிறதெண்டால் மல்லாக்கக் கிடத்தி, எடுக்கிற பக்கப் பிட்டத்துக்குக் கீழ மணல் பை, இல்லாட்டிச் சுருட்டின துவாய். பிழை நடக்கிறது அதிலதான். நாரிக்குள்ள வைச்சால் முதுகு வளையுமே தவிர எலும்பு எழும்பாது. பிட்டத்துக்குக் கீழ சரியா இருந்தால் இலியாக் கிரெஸ்ட், அதாவது இடுப்பெலும்பின்ர மேல்முகடு, விரலுக்குத் துலக்கமாத் தட்டுப்படும். கூட உயர்த்தினாலும் வில்லங்கம்: இடுப்பு மற்றப் பக்கம் சரிஞ்சு, உளி போற கோணம் மாறி, எலும்பின்ர உள்தட்டு உடையலாம். தொந்தி இருந்தால் வயித்தை மற்றப் பக்கம் இழுத்து அகலப் பிளாஸ்டரால ஒட்டோணும். கச்சான் அடிக்கிற நாளில வியர்வையோட வாற ஆளில அது நிக்காது, துடைச்சு உலரவிட்டு ஒட்டுங்கோ.

எலும்புப் பிரிவு, தம்பலகாமம்:
அக்கா சொன்னதோட இன்னொண்டு. வெட்டுற இடத்தை மயக்க முதலே, ஆள் சாரம் கட்டி நிக்கேக்க குறிச்சால் நல்லம். சாரத்துச் சொருகலும் பாவாடை நாடாவும் அந்த முகட்டிலதான் உரசும். அதால வெட்டு ஒரு விரல் கீழ. முகட்டின்ர முன்முனையில இருந்து 3 செ.மீ. பின்னுக்குத் தொடங்குங்கோ. முன்னுக்குப் போனால் வெளித்தொடை நரம்பு அறுபட்டு விறைக்கும், முனையும் பிறகு தசை இழுத்து முறியலாம்.

மயக்கமருந்துப் பிரிவு, நிலாவெளி:
கனக்க எலும்பு வேணுமெண்டால் பின்பக்கம், அதாவது குப்புற. திருப்ப அஞ்சு பேர் வேணும், தலைமாட்டில நிக்கிறவர்தான் எண்ணுவார். திருப்பினவுடன ரெண்டு பக்க மூச்சையும் கேளுங்கோ, மூச்சுக்கு விட்ட குழாய் நகர்ந்திருக்கலாம். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் திண்டு, நடுவில வயிறு தொங்கோணும், உள்ளங்கை நுழையோணும். வயிறு அமுங்கினால் சிரை அழுத்தம் ஏறி எலும்பில இரத்தம் ஊறி ஊறிக் கசியும், மூச்சு இயந்திரத்தின்ர அழுத்தமும் கூடும். இடுப்புத் திண்டு முன்முனையில குத்தினால், தம்பி சொன்ன அதே நரம்பு கத்தி படாமலே நசியும். கை தோளில 90 பாகைக்குள்ள, முழங்கைக்குப் பஞ்சு. கண்ணை மூடி ஒட்டுங்கோ, கண்முழியில ஒண்டும் முட்டக்கூடாது.

தாதி, உவர்மலை:
பின்பக்கமெண்டால் வெட்டு முகட்டின்ர பின்முனையில இருந்து வெளிப்பக்கமா 8 செ.மீ. தாண்டக்கூடாது, பிட்டத்துத் தோல் நரம்புகள் அங்க. மற்றது, தோல் துடைக்கிற ஸ்பிரிட் கலந்த மருந்து வழிஞ்சு துவாய்க்குள்ள தேங்கும், டயதெர்மி (இரத்தக் கசிவை மின்சாரத்தால சுட்டு நிப்பாட்டுற கருவி) பொறி பட்டால் பத்தும். நனைஞ்ச துவாயை மாத்திப்போட்டுத்தான் மூடுதுணி விரிக்கோணும்.